விரலில் சுற்றிய துணி: பாசி எடுத்த மூதாட்டி ஒருவரின் அல்சைமர் பராமரிப்பு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடம், ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட ஒரு மீனவக் கிராமம். மூதாட்டிக்கு வயது 72. மணமான காலத்திலிருந்து 60 வயது தாண்டும்வரை கடலில் பாசி எடுத்தவர். தீவுகளை ஒட்டிய பாறைகளில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் சேர்ப்பது இவர்கள் தொழில். பவளப்பாறை விரலைக் கிழித்துவிடும் என்பதால் இறங்குமுன் பத்து விரலுக்கும் துணி சுற்றிக்கொள்வார்கள். இந்த ஆய்வில் அந்தத் துணி மறுபடி மறுபடி வரும்.

வீட்டில் மகன், மருமகள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. மகன் விசைப்படகுத் தொழிலாளி. கடலுக்குப் போகும் நாளில் இரவு வீட்டில் இருப்பதில்லை. மருமகளும் பாசிக்குப் போகிறவர். இந்தப் பகுதிப் பெண்கள் மாதம் முழுக்கப் போவதில்லை. அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள் என 12 நாள்தான் கணக்கு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அரசு மருத்துவமனையில் அல்சைமர் எனும் மறதி நோய் என்று உறுதி செய்திருந்தார்கள். தைராய்டு, பி12 பரிசோதனைகளில் குறை இல்லை. ஸ்கேனில் மூளைச் சுருக்கம் தெரிந்தது. அதற்குத் தினமும் இரவில் டோனெபெசில் 5 மி.கி., காலையில் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. வலக்கண்ணில் புரை அறுவை முடிந்திருந்தது. இடக்காது கேட்பது குறைவு.

வீட்டுப் பராமரிப்புச் செவிலியரிடம் இவர் பொறுப்பு வந்தது ஆடி மாதக் கடைசியில். குடும்பத்தின் புகார் ஒன்றே ஒன்று: விடியுமுன் எழுந்து கடலுக்கு ஓடுகிறார்.

முதல் வருகையில் கண்டது

மூதாட்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கணுக்காலில் நைலான் கயிறு, மறுமுனை கட்டில் காலில். கயிறு உரசிய இடத்தில் தோல் உரிந்து, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஈரப்புண்.

அதைவிட அவசரமானது வலக்கை. சேலைக் கரையைக் கிழித்து ஆள்காட்டி விரலிலும் மோதிர விரலிலும் ஏழெட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றியிருந்தார். பாலியெஸ்டர் கரை கயிறுபோல் முறுக்கிக்கொண்டு விரலின் நடுக்கணுவில் பதிந்திருந்தது. நுனிகள் கருநீலம், தொட்டால் குளிர்ச்சி. நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். 5 விநாடி கடந்தும் திரும்பவில்லை.

அவிழ்க்கப் போனவுடன் கையை இழுத்துக்கொண்டு அறைய வந்தார். மருமகள் கையைப் பிடித்து அமுக்கப் பார்க்க, சத்தம்தான் கூடியது. செவிலியர் எதிரில், அவர் கண்மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து, இன்னொரு துணியைத் தன் விரலில் சுற்றத் தொடங்கினார். மூதாட்டி பார்த்துக்கொண்டிருந்தார். “சரியாச் சுத்துறேனா ஆத்தா?” என்று கேட்டதும் அவரே செவிலியரின் விரலைப் பிடித்து, அவிழ்த்து, மறுபடி சுற்றிக் காட்டினார். அவர் கவனம் அதில் இருக்கும்போது வழவழப்புக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, மழுங்கல் முனைக் கத்தரியால் கரையை ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுத்தாயிற்று. 10 நிமிட வேலை. அரைமணியில் நிறம் திரும்பியது. உணர்ச்சிக் குறைவு இல்லை.

குடும்பத்தார் இந்தச் சுற்றலைக் கிறுக்கு என்று நினைத்திருந்தார்கள். அவர் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். அண்மை நினைவு அழிந்த பிறகும் கைப்பழக்கம் நெடுநாள் தங்கும். இந்த நோயின் இயல்பே அதுதான்.

மற்றவை: எடை 41 கிலோ, ஓராண்டுக்கு முந்தைய சீட்டில் 44. நாடி 64. வாய் உலர்ந்திருந்தது. குளித்து ஆறு நாளாகியிருந்தது.

கயிறு பற்றிய முடிவு

கயிறு அன்றே அவிழ்க்கப்பட்டது. காரணங்களைக் குடும்பத்துக்குச் சொன்னபோது சட்டத்தை முதலில் எடுக்கவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது என்பது சரிதான். ஆனால் களைத்துப்போன மருமகளிடம் சட்டம் பேசினால் அடுத்த வருகைக்குள் கயிறு ஒளித்து வைக்கப்படும், அவ்வளவுதான். புண்ணைக் காட்டினோம். கட்டியிருக்கும்போது எழ முயன்றால் தலைகுப்புற விழுவார், இடுப்பு எலும்பு முறியும் என்றோம். அடுப்படி பனையோலைத் தாழ்வாரத்தில் இருந்தது. தீ என்றதும் மகனே, “ஏர்வாடியில நடந்தது தெரியும்” என்றார். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இந்தக் கரையில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் அவர்கள் பயம் நியாயமானது. வீட்டுக்கும் கடலுக்கும் 200 மீட்டர்கூட இல்லை. வழியில் நல்ல தண்ணிக்காகத் தோண்டிய மணல் ஊற்றுக்குழி இரண்டு, சுவரில்லாமல். மருமகள் 5 மணிக்குக் கிளம்பிவிடுவார், மகன் கடலில், பேத்தி ஒருத்திதான். அந்தக் கயிறு ஆள் இல்லாத வீட்டின் ஏற்பாடு.

கயிற்றுக்குப் பதில் முதல் நாளில் செய்தவை:

- கதவில் ஆட்டுமணி. திறந்தால் பக்கத்து வீடுவரை கேட்கும்.
- தாழ்ப்பாள் வழக்கமான உயரத்திலிருந்து கதவின் அடிப்பக்கத்துக்கு மாற்றம். பழகிய இடத்தில் கை தேடும். குனிந்து பார்க்கத் தோன்றாது. வெளிப்பூட்டு கூடாது, அவரைத் தனியே உள்ளே வைத்துத் தாழிடவும் கூடாது.
- ஊற்றுக்குழிகளுக்குப் பனஞ்சட்ட மூடி.
- ஜாக்கெட்டின் உட்புறம் மகனின் கைபேசி எண், துணியில் எழுதித் தைத்தது. தாலிக்கயிறு, வளையல் போன்றவற்றைக் கழற்றிவிடுவார்; உட்தையல் நிற்கும்.
- டீக்கடை, ஐஸ் கடை, படகுத்துறை மூன்று இடத்திலும் சொல்லிவைத்தது. பார்த்தால் கையைப் பிடித்து இழுக்காமல், கூடவே நடந்து பேச்சுக்கொடுத்துத் திருப்ப வேண்டும்.

புண்ணைக் கொதித்தாறிய உப்புநீரில் கழுவி, வாசலின் பூசிய வலைத்துணி வைத்து, இரு நாளுக்கொரு முறை மாற்றியதில் 19 நாளில் மூடியது.

பௌர்ணமியிலிருந்து பௌர்ணமிவரை ஒரு நோட்டு

“அமாவாசை, பௌர்ணமி வந்தாப் போதும் சிஸ்டர், பேய் புடிச்ச மாதிரி ஆயிருவாக எங்க அத்தை” என்றார் மருமகள். நிலவுக்கும் மூளைக்கும் தொடர்பில்லை என்று சொல்லித் தள்ளிவிடுவது சுலபம். தள்ளவில்லை. வீட்டில் இருப்பவர் கண்டது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அவர் சொல்லும் காரணம் மட்டுமே தவறாக இருக்கலாம். வழக்கமாக 14 நாள் எழுதும் நடத்தைக் குறிப்பை, இங்கே பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிவரை நீட்டினோம்.

பேத்தியின் பழைய பள்ளி நோட்டு. ஐந்து கட்டம்: நேரம், அதற்குச் சற்றுமுன் வீட்டிலும் தெருவிலும் என்ன நடந்தது, என்ன செய்தார், நாம் என்ன செய்தோம், எவ்வளவு நேரத்தில் அடங்கினார். “ரகளை பண்ணினார்” என்று எழுதக்கூடாது. “கதவைத் தட்டினார், ‘வள்ளம் போயிரும்’ என்றார்” என்று எழுத வேண்டும்.

மாத முடிவில் வெளியே போக முயன்றது 15 முறை. நான்கு முறை அந்தி 6 மணியை ஒட்டி. மீதி 11 முறையும் விடியற்காலை 4 முதல் 5:30க்குள், 11ம் பாசி நாட்கள். பாசி நாள் மொத்தம் 12. விட்டுப்போன அந்த ஒரு நாள்தான் விடையைச் சொன்னது. அன்று தெருவில் ஒரு சாவு வீடு. பெண்கள் வழக்கமான வேப்பமரத்தடியில் கூடாமல் நேரே துறைக்குப் போய்விட்டார்கள். மூதாட்டி 6:40வரை தூங்கினார்.

வேப்பமரம் இருந்தது அவர் கட்டிலுக்கு நேர் வெளியே. 4 மணிக்கே பெண்கள் சேர்வது, ஒருவரையொருவர் கூப்பிடுவது, தூக்குவாளிச் சத்தம். இடக்காது மந்தம், அவர் படுப்பதோ இடப்பக்கம் ஒருக்களித்து, நல்ல காது மேலே. நாற்பது ஆண்டு அந்தச் சத்தத்துக்கு எழுந்தவர் எழாமல் என்ன செய்வார்?

எடுத்த முடிவுகள்

பாசிக்குழுப் பெண்களிடம் பேசியதும், கூடும் இடத்தைத் தண்ணீர்த் தொட்டியடிக்கு மாற்றிக்கொண்டார்கள்; வீட்டிலிருந்து 60 மீட்டர். கட்டிலும் உள்சுவர்ப் பக்கம் போயிற்று. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

ஆனாலும் மருமகள் கிளம்பும் சத்தம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பாசி நாட்களில் 4:15க்கு நாமே எழுப்பிவிடுவது என்று முடிவு: முதலில் கழிப்பிடம், பிறகு கருப்பட்டிக் காபி, பிறகு விரல்துணி. துணிக்கு அளவு உண்டு. பழைய பருத்தி வேட்டியில் 5 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளம். ஒரு சில சுற்றுக்கு மேல் வராது; பருத்தி முறுக்கேறாது. மணிக்கொரு முறை நகம் பார்க்க வேண்டும். நைலான், பாலியெஸ்டர் துணிகளை வீட்டில் அவர் கைக்கெட்டும் இடத்திலிருந்து எடுத்தாயிற்று.

துணி சுற்றிய கைக்கு வேலை வேண்டும். முதலில் காய்ந்த பாசியைக் கொடுத்துத் தரம்பிரிக்கச் சொன்னது செவிலியரின் யோசனை, தவறான யோசனை. அதில் சிப்பித் துண்டும் பவளப் பொடியும் இருக்கும். மூன்றாம் நாள் வாயில் போட்டு மென்று ஈறு கிழிந்தது. அதன்பின் முருங்கைக்கீரை உருவுதல். வாயில் போனாலும் கேடில்லை, உருவிய கீரை அன்றைக்குக் குழம்புக்கே ஆகும். ஒரு முறத்துக் கீரை முக்கால் மணி நேரம் வரும்.

5 மணி முதல் பகல்வரை யார் பார்ப்பது என்பதுதான் கடினமான கேள்வியாக இருந்தது. முழங்கால் வலியால் பாசியை விட்டுவிட்ட பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், நாளுக்கு 100 ரூபாய்க்கு வந்து உட்காரச் சம்மதித்தார். பேத்தி பள்ளிக்குத் தடையின்றிப் போகத் தொடங்கினாள்.

குளியல்: காலையில் தலையில் குளிர்ந்த நீர் ஊற்றியதுதான் சண்டைக்குக் காரணம். பிற்பகல் 2 மணிக்கு, வெதுவெதுப்பான நீரில், பாதத்திலிருந்து தொடங்கி மேலே. தோளில் துண்டு கிடக்கட்டும். சொம்பு அவர் கையிலும் ஒன்று. தலைக்கு வாரம் ஒரு நாள், தனியாக. போர்வெல் தண்ணீர் உப்பு. தோல் வறண்டு அரிக்கும். கடைசி இரண்டு சொம்பு நல்ல தண்ணி, ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய்.

சாப்பாடு: எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, கரும்பச்சைத் தட்டு வாங்கியதும் மிச்சம் வைப்பது குறைந்தது. சூடை, சாளை போன்ற முள் மீன் கூடாது. சுறாப்புட்டு, முள் நீக்கிய சீலா. நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாய் சற்றுத் தாழ்த்தி; சாப்பிட்டபின் அரைமணி படுக்கக்கூடாது. தண்ணீர் நாளுக்கு 150 மி.லி. டம்ளரில் 10. ஒவ்வொன்றுக்கும் சுவரில் கரிக்கோடு. மாலை 6க்குப் பிறகு இரண்டு டம்ளருக்கு மேல் வேண்டாம். அந்தி முயற்சிகளுக்கு 5:30க்கே விளக்கைப் போட்டு, பசிக்கு எதையாவது கொடுத்ததே போதுமானதாக இருந்தது.

இரவில் கனவு கண்டு அலறுவதை மருத்துவரிடம் சொன்னதில், டோனெபெசில் காலைக்கு மாற்றப்பட்டது.

கயிறு திரும்பி வந்தது

மூன்றாம் வாரம், நோட்டு இன்னும் முடியாத நேரம். கணுக்காலில் புதிய சிவப்புக் கோடு. மருமகள் மறைக்கவில்லை: மூன்று இரவாகத் தூக்கமில்லை, கணவர் கடலில், மறுநாள் பாசி. கட்டிப்போட்டுவிட்டு நான்கு மணி நேரம் தூங்கினாராம்.

திட்டத்தின் ஓட்டை அது. முறைகள் அத்தனையும் ஒரே பெண்ணின் தலையில் ஏற்றப்பட்டிருந்தன. “ஆம்பளை எப்படிம்மா அம்மாவைக் கழிப்பிடம் கூட்டிட்டுப் போறது” என்று மகன் தயங்கினார். அந்த வேலை வேண்டாம், கதவருகே படுத்து மணிச்சத்தத்துக்கு எழுந்து அம்மாவிடம் பேசினால் போதும் என்று பிரித்துக்கொடுத்ததும் ஒப்புக்கொண்டார். கரையில் இருக்கும் இரவுகள் அவருடையவை. வாரத்தில் குறைந்தது இரண்டு இரவு மருமகள் பக்கத்து வீட்டில் தூங்குவார். அதன்பின் கயிறு வரவில்லை.

ஐப்பசி: மூன்று நாளில் தலைகீழ்

மழை பிடித்த வாரம். மூதாட்டிக்குச் சளி, தும்மல். மகன் மெடிக்கலில் சளி மாத்திரை வாங்கிவந்து, நாளுக்கு மூன்று வேளை கொடுத்தார். இரண்டாம் நாள் மாலை தூங்கி வழிந்தார். இரவில் கூரையில் ஆள் உட்கார்ந்திருப்பதாக அலறினார், காற்றில் எதையோ பறித்தார். மூன்றாம் நாள் பேத்தியைக் கண்டே பயந்தார். உறவினர் சிலர் மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்றார்கள், ஒருவர் தூக்க மாத்திரை தரச் சொன்னார். மருமகள் செவிலியரை அழைத்தார்.

கண்டவை: காலையில் தெளிவு, ஒரு மணி நேரத்தில் மயக்கம், மறுபடி படபடப்பு என ஏறி இறங்கும் விழிப்பு. முன்பு ஐந்து நிமிடம் பேச்சில் நிற்பவர், இப்போது 10 விநாடி முகத்தைப் பார்க்கவில்லை. காய்ச்சல் 100.4 பாரன்ஹீட், நாடி 104. சிறுநீர் சொட்டுச் சொட்டாகச் சேலையை நனைத்தபடி இருந்தது. வீட்டார் அதைக் கட்டுப்பாடு போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அடிவயிற்றைத் தொட்டால் தொப்புளுக்குச் சற்றுக் கீழ்வரை கெட்டியாக ஒரு பந்து. அழுத்தினால் முகம் சுளித்தார். மலம் போய் ஐந்து நாள்.

அல்சைமர் மாதக்கணக்கில் சரியும்; மூன்று நாளில் இப்படிக் கவிழாது. கவிழ்ந்தால் அது டெலிரியம் எனும் திடீர் மனக்குழப்பம், உடம்பில் வேறெங்கோ காரணம் இருக்கிறது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது குளோர்பெனிரமின். அல்சைமரில் ஏற்கெனவே குறைவது அசிட்டைல்கோலின் என்னும், நரம்புகள் செய்தி கடத்தும் வேதிப்பொருள். அது சிதையாமல் காப்பது டோனெபெசிலின் வேலை. குளோர்பெனிரமினோ அதே அசிட்டைல்கோலின் செயலைத் தடுக்கிறது. காலையில் ஒரு மாத்திரை அடைக்கும் ஓட்டையை மூன்று வேளை இன்னொரு மாத்திரை திறந்துவிட்டது. சிறுநீர்ப்பை சுருங்கவும் குடல் நகரவும் அதே வேதிப்பொருள்தான் வேண்டும். பை நிரம்பி வழிந்ததுதான் அந்தச் சொட்டு.

சளி மாத்திரை உடனே நிறுத்தம். தூக்க மாத்திரை கிடையாது. விழிப்பை அமுக்கினால் காரணமும் மறைந்துவிடும். 108 அழைக்கப்பட்டது. கூட அனுப்பியது: நோட்டு, மாத்திரை அட்டைகள் எல்லாம், நான்கு பருத்தித் துணிப்பட்டைகள்.

மருத்துவமனையில்

சிறுநீர்க் குழாய் போட்டதும் 850 மி.லி. வடிந்தது. சிறுநீர்த் தொற்று உறுதியாகி நோய்க்கொல்லி மருந்து தொடங்கப்பட்டது; மலத்துக்கு ஆசனவாய் மருந்து. முதல் இரவு குழாயைப் பிடுங்கப் பார்த்தார். கையைக் கட்டும் பேச்சு வந்தபோது மருமகள் துணிப்பட்டையை எடுத்து விரலில் சுற்றிவிட்டார். குழாயைத் தொடையில் ஒட்டி, பாவாடைக்குள் மறைத்து, பையைக் கட்டிலின் கால்பக்கம் தொங்கவிட்டார்கள். கண்ணில் படாததைக் கை தேடவில்லை. குழாய் மூன்றாம் நாள் எடுக்கப்பட்டது. ஐந்தாம் நாள் வீடு.

வீடு திரும்பிய பின்

ஐந்து நாளில் பழையபடி ஆகிவிடுவார் என்று குடும்பம் எதிர்பார்த்தது. அப்படி ஆகாது என்பதை முன்கூட்டியே சொல்லாதது தவறு. முதல் வாரம் முழுக்க “மருத்துவமனையில என்னமோ பண்ணிட்டாக” என்ற பேச்சு ஓடியது. தெளிவு திரும்ப மூன்று வாரம் பிடித்தது. முழுதாகத் திரும்பவில்லை. பேத்தியின் பெயர் போனது போனதுதான். “இந்தப் பிள்ளை” என்கிறார். விடியற்கால முயற்சிகள் கார்த்திகையில் இரண்டு, மார்கழியில் ஒன்று. எடை 42.5 கிலோ.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் வருகையில் மருத்துவர் எழுதிய மாத்திரைகளைத்தான் கேட்டோம். மெடிக்கலில் தாமே வாங்குவதையும் நாட்டு மருந்தையும் கேட்கவில்லை. இப்போது வீட்டுச் சுவரில் ஒரு தாள்: சளி, அரிப்பு, வயிற்றுவலி, தூக்கம், வாந்தி – இந்த ஐந்துக்கும் கேட்காமல் மாத்திரை வாங்கக்கூடாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலருக்கும் அதே தாளின் நகல் தரப்பட்டது. மாதாமாதம் வீட்டுக்குள் வரும் அவரை முதலிலேயே சேர்த்திருக்க வேண்டும்.

நோட்டில் நடத்தைக்கு ஐந்து கட்டம் இருந்தது; மலத்துக்கு ஒன்றுமில்லை. மூன்று நாள் மலம் போகாவிட்டால் தெரிவிப்பது என்ற விதி இருந்திருந்தால் இரண்டு நாள் முன்பே சிக்கல் தெரிந்திருக்கும். ஆறாவது கட்டமாக மலம், ஏழாவதாகச் சிறுநீர் எத்தனை முறை என்று சேர்த்தாயிற்று.

இரவுப் பங்கீட்டை முதல் நாளே மகனையும் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். புண் ஆறுமுன் புதுக்கோடு விழுந்திருக்காது.

மாசி மாத நிலை

பெண்கள் மறுபடி வேப்பமரத்தடியில் கூடத் தொடங்கியிருக்கிறார்கள். மூதாட்டி இப்போது அந்தச் சத்தத்துக்கு எழுவதில்லை. துணியை நீட்டினால் விரல்களை விரித்துக் கொடுக்கிறார், சுற்றத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா இரண்டு சுற்றுச் சுற்றிவிடுகிறார். மணிக்கொரு முறை நகம் பார்ப்பது தொடர்கிறது. விழுங்கும்போது இருமல் வருகிறதா என்பது இந்த மாதம் நோட்டில் எட்டாவது கட்டம்.